கரண்ட் திரும்புற வழி

மலேசியாவில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ‘பேட்டரி கோங்’. மலாய்க்காரர், சீனர், தமிழர் யாரைக் கேட்டாலும் இதே சொல். கோங் என்றால் தீர்ந்தது, செத்தது. மூன்று இனமும் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும் சொற்களில் இதுவும் ஒன்று. என்ன, பல நேரம் அது தப்பான சொல். பேட்டரி நன்றாக இருக்கும். வேறெங்கோ ஓர் இடத்தில் கரண்ட் நின்றிருக்கும். அது எங்கே என்று தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

என் தாய்மாமா காப்பாரில் வயர்மேன். வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு வரி: இங்கே மெக்கானிக் வேறு, வயர்மேன் வேறு. இஞ்சினைப் பிரித்துப் போடுபவர் மெக்கானிக். லைட், ஹாரன், ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர் என்று வயர் போகிற இடமெல்லாம் வயர்மேனுடையது. தோட்டத்து லயத்தில் பிறந்த மாமா பதினாறு வயதில் கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கேயிடம் வேலைக்குச் சேர்ந்தார். தவுக்கே எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்க்க விட்டார். பார்த்தே கற்றுக்கொண்டார்.

நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்துவிட்டு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் மாமா கடை. அவருக்குச் சீனி வியாதி, பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. மீட்டரில் ஓடும் எண்ணைப் படிக்க என் கண் தேவைப்படுகிறது. அதற்குக் கூலியாக அவர் காது எப்படி வேலை செய்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டார்ட் ஆகாத வண்டி கடைக்கு வந்தால் மாமா பானட்டைத் திறக்க மாட்டார். “சாவியத் திருப்பு” என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வண்டி நான்கைந்து வகையாகத்தான் பேசும். சத்தமே இல்லையென்றால் ஸ்டார்டருக்குக் கட்டளையே போகவில்லை: சாவி சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், ஆட்டோ கியர் வண்டியானால் கியர் பி-யில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச், இவற்றில் ஒன்று. ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் என்றால் கட்டளை போய்விட்டது, சோலனாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டாரைச் சுழற்றும் அளவுக்குக் கரண்ட் வரவில்லை. அல்லது மோட்டாரே கெட்டிருக்கிறது. ‘டக டக டக டக’ என்று மெஷின் மாதிரி அடித்தால், சோலனாய்டு இழுத்தவுடன் வோல்ட் சரிகிறது, அது விடுகிறது, விட்டதும் வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் லூசாக இருக்கலாம். மெதுவாக முக்கி முனகிச் சுற்றுவது இன்னொரு வகை. நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லையென்றால் அது ஸ்டார்டர் கேஸே இல்லை. பெட்ரோலோ நெருப்போ வரவில்லை.

இந்தச் சத்தங்களை ஒழுங்காகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் வண்டிக்காரர்கள் சத்தத்தைச் சொல்வதில்லை, முடிவைச் சொல்கிறார்கள். “பேட்டரி கோங்குண்ணே, ஒண்ணு மாத்திடுங்க.” அப்போது மாமா கேட்பார்: “கோங்கா இல்லையான்னு நான் சொல்றேன். நீங்க என்ன கேட்டுச்சுன்னு சொல்லுங்க.”

மாமாவின் முக்கியமான கருவி ஒரு பழைய ஹெட்லைட் பல்பு. எச்-4 பல்பு, அதன் காலில் இரண்டு வயர் பற்றவைத்து முனையில் முதலைக் கிளிப் மாட்டியிருக்கிறார். என் கையில் நல்ல டிஜிட்டல் மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று சிரிப்பு வரலாம். விஷயம் இதுதான். டிஜிட்டல் மீட்டர் கரண்டை ஏறக்குறைய எடுத்துக்கொள்வதே இல்லை. ஒரு வயரில் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு மயிரிழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மாமாவின் பல்பு நான்கைந்து ஆம்பியர் கேட்கும். மயிரிழையால் அதைக் கொடுக்க முடியாது. பல்பு மங்கும். மாமா அதைத் தன் பாணியில் சொல்வார்: “சும்மா நிக்கிறவன் எல்லாரும் பலசாலிதான். மூட்டையத் தூக்கச் சொல்லிப் பாரு.”

கார் தூக்கும் மூட்டைகளில் பெரியது ஸ்டார்டர். ஒரு காலத்தில் இஞ்சினுக்கு முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி ஆள்தான் சுற்ற வேண்டும். எதிர்பாராமல் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு உடையும். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்டர் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் அவர் கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் செய்தவர். இரண்டுக்கும் ஒரே யோசனைதான்: மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, சில வினாடி ஓடினால் போதும். அந்தச் சில வினாடிக்கு ஒரு சின்ன மோட்டாரிடம் அதன் தகுதிக்கு மீறிய வேலையை வாங்கலாம். இன்றும் அப்படித்தான். சின்ன பெட்ரோல் காரின் ஸ்டார்டரே 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 9 ஆம்பியர்தான்.

இந்த இரண்டு எண்ணையும் வைத்து ஒரு கணக்குப் போடலாம். எங்கேயோ ஓர் இணைப்பில் துரு பிடித்து 0.03 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் எரியும்போது அந்த இடத்தில் தொலைவது 0.27 வோல்ட். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்டார்டர் 100 ஆம்பியர் கேட்கும்போது அதே இடத்தில் தொலைவது 3 வோல்ட். 300 வாட் அங்கேயே சூடாகப் போகிறது. ஆக லைட் பளிச்சென்று எரியும், ரேடியோ பாடும், ஹாரன் அடிக்கும், வண்டி மட்டும் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நிற்கும். அந்த 0.03 ஓமை மீட்டரில் ஓம் பக்கம் வைத்து அளக்கவும் முடியாது. மீட்டரின் இரண்டு வயருக்குமே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. மீட்டர் ‘பீப்’ என்று கத்தி எல்லாம் சரி என்று சொல்லிவிடும்.

கல்லூரியில் ஓம் விதியை முதல் செமஸ்டரிலேயே முடித்துவிட்டோம். கேயார்க் ஓம் அதை 1827-இல் புத்தகமாகப் போட்டார். அவர் பூட்டுத் தொழிலாளியின் மகன், கணக்கை அப்பாவிடம்தான் முதலில் கற்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமாவுக்கு ஓம் யாரென்று தெரியாது. ஸ்டார்டரைச் சில வினாடி சுற்றவிட்டுவிட்டு டெர்மினல்களை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். எது சுடுகிறதோ அங்கே திருடன் இருக்கிறான். அதே விதிதான், தோல் வழியாக.

இதையெல்லாம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. காப்பார் சாலையோரத்தில் ஒரு அக்கா பசியாறக் கடை வைத்திருக்கிறார். இட்லி, இடியாப்பம், நாசி லெமாக். காலை நாலரைக்குப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால்தான் தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களைப் பிடிக்க முடியும். ஏழரைக்கு மேல் வியாபாரம் இல்லை. அவருடைய கார் இருபது வருடத்துக்கு மேல் பழசு. சில காலைகளில் ஸ்டார்ட் ஆகாது. வண்டி நின்றால் அன்றைய மாவும் சாம்பாரும் வீண். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார வேண்டும்.

அவர் எங்களிடம் வந்தது எட்டு மாத அலைச்சலுக்குப் பிறகு. ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். நான் கூட்டிப் பார்த்தேன். பேட்டரி இரண்டு தடவை, 420 வெள்ளி. ரீகோன் ஸ்டார்டர் 280. சாவி சுவிட்ச் 150. நான்கு வெவ்வேறு பட்டறைகள். ஒவ்வொரு தடவையும் வண்டி சில நாள் ஓடியது, பிறகு மறுபடி நின்றது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

மாமா வழக்கம்போல் சாவியைத் திருப்பச் சொன்னார். டக். ஒரே சத்தம். மறுபடி. டக். லைட் போடச் சொன்னார், பளிச்சென்று எரிந்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தேன், 12.6. முழு சார்ஜ். சாவியைத் திருப்பும்போது பேட்டரி முனையிலேயே பார்த்தேன், 11-க்கு மேலேயே நின்றது. ஸ்டார்டர் உண்மையில் கரண்டை வாங்கியிருந்தால் அதைவிட நன்றாக இறங்கியிருக்க வேண்டும். பேட்டரி கொடுக்கத் தயார், வாங்கிக்கொள்ள வழி இல்லை.

“நிக்குறப்ப என்ன பண்ணுவீங்க தங்கச்சி?”

“பக்கத்து வீட்டு டாக்சி அண்ணன் வந்து ஜம்ப் பண்ணுவாருண்ணே. உடனே புடிச்சுக்கும்.”

“அவரு கறுப்பு கிளிப்ப எங்க மாட்டுவாரு?”

அக்காவுக்குத் தெரியவில்லை. மாமா விடவில்லை. “வேற எதாச்சும் மாத்தினீங்களா? கரண்டுக்குச் சம்பந்தமில்லாதது?”

அக்கா யோசித்தார். “ஆக்சிலரேட்டர் கேபிள் ரெண்டு தடவ மாத்துனேன். இறுகிப் போயிருது. அது வேற மெக்கானிக்கு.” அந்த 180 வெள்ளி ரசீது டின்னில் தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதையும் சேர்த்தால் 1030 வெள்ளி.

மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு முடிந்துவிட்டது. எனக்குப் பிடிபடச் சில வினாடி ஆயிற்று.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த சிவப்புக் கேபிள் ஸ்டார்டருக்குப் போகும். அது எல்லாருக்கும் தெரியும், கண்ணுக்குத் தெரிகிற வயர். ஸ்டார்டருக்குள் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்குத் தனி வயர் கிடையாது. ஸ்டார்டரின் உடம்பு, இஞ்சினின் உடம்பு, அங்கிருந்து ஒரு பின்னல் செம்புப் பட்டை, காரின் தகடு, கடைசியில் பேட்டரியின் நெகட்டிவ். இஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் இஞ்சினையும் காரின் உடம்பையும் இணைக்கும் பாலம். வயர்மேன்கள் அதை ‘எர்த்’ என்பார்கள். அந்தப் பாலம் அரித்துப்போனால் கரண்ட் வேறு வழி தேடும். இஞ்சினையும் உடம்பையும் தொடும் இன்னொரு உலோகம் எது? ஆக்சிலரேட்டர் கேபிள். மெல்லிய கம்பி. அதன் வழியாக ஸ்டார்டர் கரண்டில் கொஞ்சம் ஓடினாலும் சூடாகி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகும். கேபிள் இறுகும். மெக்கானிக்குக் கேபிள் கெட்டுவிட்டது என்று தெரியும். ஏன் கெட்டது என்று கேட்க அவருக்குக் காரணமில்லை, அவர் வயர்மேன் இல்லை.

ஜம்ப் பண்ணியதும் ஏன் ஸ்டார்ட் ஆனது? பக்கத்து வீட்டு அண்ணன் விவரமானவர். கறுப்பு கிளிப்பை நேராகப் பேட்டரியில் மாட்டாமல், சொல்லிக் கொடுக்கிற முறைப்படி இஞ்சினின் இரும்பில் மாட்டியிருக்கிறார். அந்த நிமிடத்தில் அவருடைய கேபிளே திரும்பும் வழியாகிவிட்டது. அக்காவின் பேட்டரிக்கு அந்த உதவி தேவையே இல்லை. ஆனால் பார்த்தவர்களுக்கு என்ன புரியும்? வேறொரு பேட்டரியைக் கொடுத்தோம், ஓடியது, ஆகவே இந்தப் பேட்டரி கோங். தர்க்கத்தில் ஓட்டையே தெரியாது. சரியான வைத்தியம் தப்பான நோய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது.

நிரூபிக்க இரண்டு நிமிடம் போதும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இஞ்சின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பினோம். ஒரே வழியின் இரண்டு முனை. நல்ல வண்டியில் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அக்கா காரில் 8 வோல்ட். நெகட்டிவுக்கும் காரின் தகட்டுக்கும் நடுவில் வைத்தோம், ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக, தகட்டுக்கும் இஞ்சினுக்கும் நடுவில். மாமா ஜம்ப்பர் கேபிளின் கறுப்பு வயரை மட்டும் எடுத்துப் பேட்டரி நெகட்டிவையும் இஞ்சினையும் இணைத்தார். வேறொரு காரும் இல்லை, வேறொரு பேட்டரியும் இல்லை. அக்கா சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

கீழே படுத்துப் பார்த்தபோது கியர்பாக்ஸ் பக்கம் அந்தப் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை பூத்து, சில இழைகளே மிச்சம். புதுப் பட்டைக்கு 25 வெள்ளி. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் பூசினார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. டின்னை மடியில் வைத்துக்கொண்டு, “இருபத்தஞ்சு வெள்ளியா?” என்று இரண்டு தடவை கேட்டார். அந்தக் கேள்விக்கு மாமாவிடமும் பதில் இல்லை.

அந்த நான்கு பட்டறைகளும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் எழுத வரவில்லை. அவர்கள் விற்றது நிஜமான பேட்டரி, நிஜமான ஸ்டார்டர். கணக்கு வேறு இடத்தில் தப்பாக இருக்கிறது. ஒரு சாமானை மாற்றினால் அதில் லாபம் உண்டு, பெட்டி உண்டு, வாரண்டி அட்டை உண்டு, வாடிக்கையாளர் முகத்தில் திருப்தி உண்டு. அரை மணி நேரம் யோசித்து, அளந்து, ‘இது இல்லை, இதுவும் இல்லை’ என்று கழித்துக்கொண்டே போவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. ஆகவே பட்டறை ஊகிக்கிறது, மாற்றிப் பார்க்கிறது. ஊகம் தப்பினால் அந்தச் செலவு வண்டிக்காரருடையது. வசதியானவர் மூன்றாவது தடவையிலேயே வண்டியை மாற்றிவிடுவார். பழைய வண்டியை நம்பிப் பிழைப்பவர்தான் ஒவ்வொரு தப்பான ஊகத்துக்கும் தவணை கட்டுகிறார். எனக்கு இது மின்பொறியியல் விஷயமாக மட்டும் தெரியாமல் போனது அந்தப் பிஸ்கட் டின்னைப் பார்த்த பிறகுதான்.

புது வண்டியில் இந்தப் பிரச்சினை இல்லை, ஸ்கேனரைச் சொருகினால் அதுவே சொல்லிவிடும் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். ஸ்கேனர் நல்ல கருவிதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதுவும் வண்டிக்காரர் மாதிரிதான். எந்தச் சென்சார் புகார் சொல்கிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. வோல்ட் சரியும்போது கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குழம்பிப் பத்துப் பதினைந்து கோட் காட்டும். பத்துக்கும் பத்துச் சாமான் மாற்றலாம், அல்லது எர்த் போல்ட்டை முறுக்கலாம். முழு மின்சாரக் காரிலும் பெரும்பாலும் பழைய 12 வோல்ட் பேட்டரி ஒன்று ஒளிந்திருக்கிறது. அது இறங்கினால் அடியில் இருக்கும் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி எழாது. அங்கேயும் யாராவது ஒருவர் கரண்ட் எங்கே நின்றது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்கள் வண்டி நாளைக் காலை நின்றால் மூன்று விஷயம் செய்யுங்கள். சத்தத்தைக் கேட்டு மனதில் வையுங்கள், டக்கா, டக டகவா, ஒன்றுமே இல்லையா. லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பி, வெளிச்சம் செத்துப்போகிறதா அப்படியே நிற்கிறதா பாருங்கள். செத்துப்போனால் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் சந்தேகப்படலாம். அப்படியே நின்றால் கரண்ட் ஸ்டார்டருக்குப் போகவில்லை, அல்லது அங்கிருந்து திரும்ப வழியில்லை. யாராவது ஜம்ப் பண்ணிக் கொடுத்தால் கறுப்பு கிளிப் எங்கே மாட்டப்பட்டது என்று கவனியுங்கள். பட்டறைக்குப் போனதும் ‘கோங்’ என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள்.

அக்காவிடம் மாமா பட்டைக்கான 25 வெள்ளியை மட்டும் வாங்கினார். வேலைக்குக் காசு கேட்கக் கூச்சப்பட்டார். “என்னத்த மாத்துனேன், ஒரு பட்டதானே” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அன்று அவர் விற்றது நாற்பது வருடத்துக் காது. அதற்கு அவர் பில் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. மறு சனிக்கிழமை புதுப் பில் புத்தகம் அடிக்கக் கொடுக்கும்போது, சாமான் பட்டியலுக்கு மேலே முதல் வரியாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். மலாயிலும் தமிழிலும் அச்சாகியிருக்கிறது: ‘கோளாறு கண்டறிய – 40 வெள்ளி’.

சிலர் சண்டை போடுகிறார்கள். சாமான் எதையும் மாற்றாமல் எதற்கு 40 வெள்ளி என்று போன வாரம் ஒரு லோரிக்காரர் கத்தினார். மாமா பாதியாக்கிவிடலாமா என்று என்னைப் பார்த்தார். நான் மீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினேன். லோரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நாற்பதையும் எடுத்து வைத்தார். வெளியே போய், யாருக்கோ போன் போட்டு, “பேட்டரி கோங் இல்லையாம்” என்று சொல்வது கேட்டது.